எட்டு மணிக் கடன்

"நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று ஐம்பது! போன மாசமும் இதேதான் பாக்கி, இந்த மாசமும் இதேதானா?"

கேட்டுவிட்டு வக்கீல் தோளிலிருந்த ஈர மூட்டையைத் தொப்பென்று தரையில் போட்டார். "அந்தப் பொண்ணு கண்ணு பூத்துப் போற அளவுக்கு உட்கார்ந்து பொத்தான் தைக்குது. தைச்ச காசெல்லாம் எங்க போகுது? லாஜிக்கே இல்லையே, அண்ணே!"

மடிப்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கொட்டாவிக்குப் பதில் தெரியவில்லை. ஒரு படுக்கை விரிப்பை எடுத்து நிதானமாக உதறினார். பதில் தெரியாதபோதெல்லாம் அவர் விரிப்பை உதறுவார். அதனால் அந்த ஆலையில் சுருக்கமே இல்லாமல் துணி மடிப்பவர் என்று அவருக்குப் பெயர்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலை அது. உள்ளே நுழைந்தால் எங்கே பார்த்தாலும் ஆவி. எதிரே நிற்பவருக்குச் சில நேரம் தலை இருக்கும், உடம்பு இருக்காது. சில நேரம் குரல் மட்டும் வரும். வெள்ளை விரிப்புகள் உருளைகளுக்குள் போய், சூடாக, வேறு பிறவி எடுத்ததுபோல வெளியே வரும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நின்றபடியே தூக்கம் வரும். கொட்டாவிக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஆலையின் விடுதியிலேயே தங்கியிருந்தார்கள். விடுதியில் கட்டில் உண்டு, மின்விசிறி உண்டு, டிவி கிடையாது. வெளியே வாடகை வீட்டில் மனைவியோடும் டிவியோடும் வாழ்கிற ஒரே ஆள் கொட்டாவி. ஆகையால் முந்தின நாள் எட்டு மணித் தொடரை மறுநாள் மேசையைச் சுற்றி நிற்கிறவர்களுக்குச் சொல்வது அவர் பொறுப்பாயிற்று. கூலியாக, அவர் பங்கு ஈர மூட்டைகளை மற்றவர்கள் தூக்கினார்கள்.

அந்தக் கூலி இல்லாவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான். இனிமேல் கனம் தூக்கினால் முதுகு எழுந்திருக்க விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேற்பார்வையாளருக்கு அது தெரிந்தால் வேலை போய்விடும். கதை ஓடும் வரைக்கும் நாற்காலி. கதை நின்றால் மூட்டை.

இதில் ஒரே ஒரு சங்கடம். கொட்டாவி அந்தத் தொடரை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

பார்க்க உட்காருவார். சாப்பிட்ட கையோடு டிவி முன்னால் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, "இன்னிக்கு விடறதில்லை" என்பார். அவ்வளவுதான் நினைவிருக்கும். அப்புறம் காலை. மனைவி டீயைக் கையில் கொடுப்பாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, எல்லாம் பார்த்தவர் மாதிரி, "ஆமா, நேத்துக் கடைசியில அது என்ன சொல்லிச்சு?" என்று இழுப்பார். மனைவி ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுவாள். அதை வாயில் போட்டு மென்றுகொண்டே ஆலைக்கு வந்துவிடுவார்.

ஆரம்பத்தில் கதையில் பங்களா இருந்தது, கார் இருந்தது, நாயகிக்கு மூன்று நாத்தனார்கள் இருந்தார்கள். கொஞ்ச மாதங்களாக எல்லாம் மாறிவிட்டது. நாயகி பங்களாவை விட்டுப் புருஷனோடு ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நாத்தனாருங்க எல்லாம் எங்கப்பா போயிட்டாங்க?" என்று அப்போதே கேட்டாள் ஆவியக்கா. உருளை இஸ்திரியில் நிற்பவள். ஆலைக்குள் அவள் முகத்தை யாரும் தெளிவாகப் பார்த்ததில்லை. ஆவிக்குள்ளிருந்து அதட்டல் மட்டும் வரும். "ஒரு நாத்தனார் மாடிப்படியில உருண்டாளே, பிழைச்சாளா?"

"தயாரிப்பாளர் கையில காசு தீர்ந்திருக்கும்" என்றார் வக்கீல். "ஒரு அறை, ஒழுகுற குழாய், ரெண்டு பேர். இதைவிடச் சிக்கனமா எடுக்க முடியாது."

வக்கீல் சட்டம் படித்தவர் அல்லர். இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர், பழுது பார்க்கிறவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் அவருக்கு ஆகாது.

ஆனால் பங்களாக் கதையைவிட இந்த ஒற்றை அறைக் கதைதான் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. நாயகிக்குக் கடன். வீட்டு அட்வான்ஸ் பாக்கி. புருஷனுக்கு அது தெரியாது. அவன் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து பொத்தான் தைத்துத் தைத்து அடைக்கிறாள். மூட்டை கட்டுகிற ஈரத்துணி இதைக் கேட்டு மூன்று நாள் அழுதான். எதற்கும் அழுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

ஆனாலும் பாக்கி ஏன் குறையவில்லை?

"நான் டிவி ஸ்டேஷனுக்கே எழுதிக் கேட்கிறேன்" என்றார் கொட்டாவி, அந்த நேரத்துக்குத் தப்பித்துக்கொள்ள.

மறுநாள் காலை டீயை வாங்கும்போது மனைவியிடம் சொன்னார். "எங்க ஆளுங்க கேட்கிறாங்க, அந்தப் பொண்ணு தைச்ச காசு எங்க போகுதுன்னு. சரியாவே எழுதல இவனுங்க."

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதான் நேத்துக் காட்டினாங்களே" என்றாள். "அவ கொடுக்கக் கொடுக்க வீட்டுச் சொந்தக்காரர் அந்தப் பக்கம் ஏத்திடறார். தண்ணி மோட்டார் ரிப்பேர்ங்கறார், சுண்ணாம்பு அடிச்சேங்கறார்."

ஆலையில் இதைச் சொன்னதும் வக்கீல் கையிலிருந்த எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார்.

"அண்ணே" என்றார் வக்கீல் மெதுவாக. "நேத்துத்தானே எழுதறேன்னீங்க? நேத்தே பதில் காட்டிட்டானா?"

கொட்டாவிக்கும் அது விளங்கவில்லை. ஆனால் மூட்டை தூக்காத மனிதனுக்கு ஒரு கம்பீரம் வேண்டுமே. "நம்ம பேச்சுக்கு அங்க ஒரு மரியாதை உண்டு" என்று விரிப்பை உதறினார்.

அன்று முதல் அவர் சாப்பாட்டுத் தூக்கைக்கூட ஈரத்துணிதான் சுமந்தான். அன்று முதல் புகார்களும் குவிந்தன.

"அந்தப் பொண்ணு வளையலை வித்துடுச்சுன்னீங்க. அப்புறம் பாத்திரம் தேய்க்கும்போது வளையல் சத்தம் கேட்டுச்சுன்னீங்க. எது நிஜம்?"

மறுநாள் பதில் வந்தது: அது கில்ட் வளையல். புருஷன் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

"கண்டுபிடிக்கலையா?" என்று ஆவிக்குள்ளிருந்து அக்கா சீறினாள். "கட்டின பொண்டாட்டி கையில தங்கமா தகரமான்னு தெரியாதவன் ஒருத்தன் இருப்பானா? கேரக்டரை எழுதத் தெரியல!"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் கொட்டாவி. "மரக்கட்டை! இவனை வச்சு அந்தப் பொண்ணு எப்படித்தான் குடும்பம் நடத்துதோ."

"சரி, அட்வான்ஸ் பாக்கின்னா வீட்டுக்குக் குடி வரும்போதே புருஷனுக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்று வக்கீல் அடுத்த திருகைக் கழற்றினார். "பணம் கொடுக்காம வீடு எப்படிக் கிடைச்சுதுன்னு அவன் நினைக்கிறான்?"

இதற்கு மட்டும் மனைவி இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. நேற்று மழை, படம் தெரியவில்லை என்றாள். மூன்றாம் நாள், அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "வீட்டுக்காரர் அவன் மூஞ்சியைப் பார்த்தே நல்லவன்னு முடிவு பண்ணி அட்வான்ஸை வேண்டாம்னுட்டார்னு அவன்கிட்ட அவ சொல்லி வச்சிருக்கா. அவன் நம்பிட்டான்."

ஆலையே சிரித்தது. பிழியும் இயந்திரம்கூட அன்று கொஞ்சம் அதிகமாகக் குலுங்கியதுபோல இருந்தது.

"மூஞ்சியைப் பார்த்தா!" ஈரத்துணி சிரித்துச் சிரித்து அழுதான். "எந்த ஊர்ல அண்ணே மூஞ்சியைப் பார்த்து வீடு கொடுக்கிறான்?"

"இதை மட்டும் ஒத்துக்கவே முடியாது" என்றார் வக்கீல். "செத்தவன் எழுந்து வரட்டும், ரெட்டைப் பிறவின்னு சொல்லட்டும், நான் கேட்டுக்குவேன். ஆனா இப்படி ஒரு முட்டாள் இருக்கான்னு சொன்னா, அது பார்க்கிறவனை முட்டாளாக்கறது."

"எழுதிப் போடுங்கப்பா" என்றாள் அக்கா. "அவ புருஷன்கிட்ட உண்மையைச் சொல்லணும். இந்த வாரத்துக்குள்ள. இல்லேன்னா எங்களுக்கு இந்தக் கதையே வேண்டாம். நீ உன் மூட்டையைத் தூக்கிக்கோ."

கொட்டாவி விரிப்பை எடுத்தார். உதற மறந்து அப்படியே மடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் மனைவியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு புருஷன்கிட்ட சொல்லிடணுமாம். எல்லாரும் ஒரே பிடியா நிக்கிறாங்க."

"சொன்னா அவன் கத்த மாட்டானா?"

"எதுக்குக் கத்தறான்?"

"இத்தனை நாளா மறைச்சிட்டாளேன்னு."

"நானா இருந்தா கத்த மாட்டேன்" என்றார் கொட்டாவி டீயை உறிஞ்சிக்கொண்டே. "சிரிச்சிருப்பேன்."

"நிஜமாவா?"

"உன் மேல ஆணையா."

மனைவி அவரையே பார்த்தாள். அன்று டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது. "அப்போ சனிக்கிழமை சொல்லிடுவா போலிருக்கு" என்றாள்.

இந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் தாமதம், ஆலையில் வேறொரு தீ கிளம்பியது.

"சனிக்கிழமையா? அன்னிக்கு ஒன்பது மணி வரைக்கும் விடுதியில வெளியே விடுவாங்களே!" ஈரத்துணி குதித்தான். "நாம உங்க வீட்டுக்கே வந்து பார்த்துடலாம் அண்ணே! கண்ணாலயே பார்த்து அழுதுடறேன்."

 திரையில் நாலு பெண்கள் வந்தால் நாயகி எவள் என்று கொட்டாவிக்குத் தெரியாது. "இதுல யாரு அண்ணே நம்ம பொண்ணு?" என்று ஒருத்தன் கேட்டால் போதும், திங்கட்கிழமை காலை முதுகில் மூட்டை.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு முறையாவது அவளைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். நாற்காலியே வேண்டாம் என்று சுவரோரம் நின்றார். கழுத்தில் ஈரத் துண்டு. வாயில் கிராம்பு. கண்ணை அகல விரித்து டிவியைப் பார்த்தார்.

திரை வெளுத்தது. வெளுப்பு ஆவியாக இறங்கி அறைக்குள் பரவியது. கொடிகளில் விரிப்புகள், முடிவில்லாத வரிசை. அவற்றுக்கு நடுவே நாயகி நடந்துபோனாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவள் கையிலிருந்து பொத்தான்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தரையில் படும்போது மழைச் சத்தம். "அம்மா, ஒரே ஒரு தடவை திரும்பு, அடையாளம் பார்த்துக்கிறேன்" என்று இவர் கூப்பிட்டார். அவள் நின்றாள். திரும்பப் போனாள். ஒரு விரிப்பு காற்றில் எழும்பி நடுவில் வந்தது. அதை விலக்கினால் இன்னொன்று. விலக்கினால் இன்னொன்று. பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் மடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

கண் விழித்தபோது காலை. கட்டிலில் இருந்தார். கிராம்பை யாரோ வாயிலிருந்து எடுத்திருந்தார்கள்.

"இன்னிக்குச் சாயங்காலம் நாலு பேர் வராங்க, தொடர் பார்க்க" என்றார்.

மனைவியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "எதுக்கு? வேண்டாம்னு சொல்லுங்க!"

"சொல்ல முடியாது."

"டிவி ரிப்பேர்னு சொல்லுங்க."

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் பழுதாகாத டிவியைப் பழுது என்று சொன்னால் வக்கீல் விடமாட்டார். ஆகவே சாயங்காலம் மனைவி பின்பக்கம் போன சமயம் பிளக்கைத் திறந்து ஃப்யூஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கைகால் கழுவப் போன சமயம் மனைவி ஆன்டெனா வயரைப் பிடுங்கிப் பீரோவுக்குப் பின்னால் தள்ளினாள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இருவருமே நிம்மதியாக இருந்தார்கள்.

வக்கீல், அக்கா, ஈரத்துணி, கூட விடுதிச் சமையல்காரர். நாலு பேரும் சோப்பு வாசனையோடு வந்து நின்றார்கள். ஆவி இல்லாத இடத்தில் அக்காவைப் பார்க்கக் கொட்டாவிக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு முகத்தில் மச்சம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

அறைக்குள் நுழைந்ததும் ஈரத்துணி நின்றுவிட்டான். "அண்ணே! குழாய்ல துணி சுத்தியிருக்கு! நம்ம பொண்ணு வீட்டுலயும் இப்படித்தானே?"

"ஒழுகுற குழாய்க்கு எல்லாரும் துணிதான்டா சுத்துவான். உட்காரு."

மேலே கிறீச்சென்று நாற்காலி இழுபடும் சத்தம்.

"மாடியில யாரு?" என்றாள் அக்கா.

"வீட்டுச் சொந்தக்காரர். தங்கமான மனுஷன்."

மனைவி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"டிவி என்னமோ ஓட மாட்டேங்குது" என்றார் கொட்டாவி.

"காலையிலிருந்தே" என்றாள் மனைவி.

வக்கீலின் கண் பளபளத்தது. அந்தச் சொல்லுக்காகவே வந்தவர் மாதிரி இடுப்பிலிருந்து திருப்புளியை எடுத்தார். பிளக்கைத் திறந்தார். "ஃப்யூஸே இல்லையே!" சமையல்காரரின் சிகரெட் பெட்டியிலிருந்து ஈயத்தாளைக் கிழித்து வைத்தார். டிவி கரகரவென்று விழித்தது. மனைவி திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். திரை முழுக்கப் புள்ளி. கொட்டாவி நிம்மதியாக மூச்சு விட்டார். வக்கீல் பின்னால் கையை விட்டார். "வயரைக் காணோமே!" பீரோவை நகர்த்தினார். இப்போது கணவன் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

மணி எட்டு. படம் கண்ணாடி மாதிரி தெளிந்தது.

தலையில் வலை போட்ட ஒருவர் தேனீ வளர்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் பொறுமையாகப் பார்த்தார்கள். "இவர்தான் புருஷனா?" என்று ஈரத்துணி சந்தேகமாகக் கேட்டான். தேன் எடுத்தார். பெட்டியை மூடினார். அடுத்த பெட்டியைத் திறந்தார்.

"இன்னிக்கு வேற என்னமோ போடறாங்க போல" என்றாள் மனைவி. 

கொட்டாவி கண்ணை மூடிக்கொண்டார். மூட்டை முதுகில் ஏறுவது தெரிந்தது.

"அந்தத் தேனீக்காரனை நிறுத்துங்கப்பா" என்றாள் ஆவியக்கா. "அண்ணி சொல்லட்டும். தினம் அவங்க சொல்றதைத்தானே நாம கேட்கிறோம்."

"இல்லக்கா, நான் தினம்..."

"சும்மா இருப்பா. ஒரு நாளாவது அந்தப் பொண்ணு உசரமா குட்டையான்னு சொல்லியிருக்கியா? வீட்டுல நீ தூங்கறேன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு வேண்டியது கதை. யார் பார்த்தா என்ன?"

கொட்டாவியின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. வக்கீல் டிவியை அணைத்தார். அறை சட்டென்று அமைதியானது. குழாய்த் துணியிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். மனைவி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். மங்கலான விளக்கு. தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி, மெதுவாக ஆரம்பித்தாள்.

"அவ சொல்லத்தான் நினைக்கிறா. தினம் அவன் உட்கார்ந்ததும் வாயைத் திறப்பா. அதுக்குள்ள அவன் அசந்துடறான். பாவம், அவ்வளவு வேலை. எழுப்ப மனசு வரல. தூங்கறவன்கிட்டயே சொல்லிப் பார்த்தா. அதுவும் நல்லாத்தான் இருந்தது. கத்தல, கோபிச்சுக்கல."

ஈரத்துணி மூக்கை உறிஞ்சினான்.

"போன வாரம் வீட்டுக்காரர்கிட்டயே போய் நின்னா. இனிமே ஏத்தாதீங்க, இருக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா தந்துடறேன்னு. அவர் பதிலே சொல்லல. செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தார்."

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"செடிக்கா?" ஆவியக்கா எழுந்தே நின்றுவிட்டாள். ஆறு இயந்திரங்களைத் தாண்டிக் கேட்கிற குரல் ஒற்றை அறையில் அதிர்ந்தது. "பொம்பளைப் புள்ள பொத்தான் தைச்சுக் கொண்டுவந்து கொடுக்குது, இவனுக்குச் செடி கேக்குதா? அவன் நல்லா இருப்பானா? மனுஷனா அவன்?"

"சுண்ணாம்பு அடிச்சானாமே, சுண்ணாம்பு!" வக்கீல் சுவரைத் தட்டினார். "எங்க அடிச்சான்? காட்டச் சொல்லுங்க!"

"வில்லன்னா ஒரு நியாயம் வேண்டாமா?" என்று சமையல்காரர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "கொலைகாரனை எழுதினாக்கூட அவனுக்கு ஒரு நாய்க்குட்டியாவது கொடுப்பான். இவன்கிட்ட நல்ல குணம் ஒண்ணுகூட இல்லையே. கேரக்டரே நம்பற மாதிரி இல்ல."

"அவன் கிடக்கட்டும். அந்தப் புருஷன்?" என்றாள் அக்கா. "அவனைத்தான் முதல்ல நிக்க வச்சுக் கேக்கணும்."

"விடுங்கக்கா" என்று கொட்டாவி பெருந்தன்மையாகக் கையைக் காட்டினார். "மூஞ்சியைப் பார்த்து வீடு கொடுத்தாங்கன்னு நம்பற பயல். அவனைக் கேட்டு என்ன ஆகப் போகுது? அவனுக்குப் போய் யாராவது அடிச்சுச் சொன்னாத்தான் உறைக்கும்."

மனைவி அவரைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, தயங்கித் தயங்கி. கதவருகே வந்து நின்றார் வீட்டுச் சொந்தக்காரர். காது வரைக்கும் சிவந்திருந்தார். கையில் பூவாளி. அறையில் இருந்த யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று ஐம்பதை நீ தர வேண்டாம்மா, நான் விட்டுட்டேன், ஆனா உன் புருஷன் மூஞ்சியைப் பார்த்து நான் வீடு கொடுத்தேன்னு மட்டும் இனிமே அவர்கிட்ட சொல்லாதே!"